மூட்டுவலி தீர எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பவர்களுக்கு

டெல்லியில் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் இயங்கும் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பினருக்கும், மருத்துவமனை வாசல்களில் நோயாளிகளிடம் கேள்வித்தாளோடு உட்காரும் சுகாதாரப் பொருளாதார ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

எந்த மருந்தை, எந்தச் சிகிச்சையை அரசு தன் காசில் மக்களுக்குக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்வதற்காக 2017-இல் உங்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த வேலை தேவை என்று நினைக்கிறவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே "உயிருக்கும் வலிக்கும் விலை போடலாமா" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள், என் வாதம் அது இல்லை. அரசிடம் இருக்கும் பணம் ஒரு அளவுதான், நோயோ எத்தனையோ, யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும், போடாமல் விட்டால் சத்தமாகக் கேட்கிறவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். மூட்டு நோயாளிகள் சத்தமாகக் கேட்கிறவர்கள் இல்லை. இது உடனே ஆளைக் கொல்லும் நோயும் இல்லை. அதனால் எங்களுக்கு உங்கள் கணக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே தேவைப்படுகிறது. என் குறை ஒன்றே ஒன்றுதான். சிகிச்சையை நோயாளி எவ்வளவு மதிக்கிறார் என்று கண்டுபிடிக்க "இதற்கு நீங்கள் எவ்வளவு பணம் தரத் தயார்?" என்று கேட்கிறீர்களே, அந்தக் கேள்விக்குப் பதிலாக வருவது அவர் மடியில் இருக்கும் பணத்தின் அளவு. வலியின் அளவு அதில் வருவதே இல்லை.

என் அம்மாவுக்கு முடக்கு வாதம். பவானிப் பக்கம் ஜமக்காளத் தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், விரல் மூட்டுகள் வீங்கி மடக்க முடியாமல் போனபிறகு அதை விட்டுவிட்டார். வாரத்தில் ஒருநாள் நோயைக் கட்டுக்குள் வைக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, அப்புறம் ஃபோலிக் ஆசிட், அவ்வப்போது ஈரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் ரத்தப் பரிசோதனை என்று போய்க்கொண்டிருக்கிறது. ஒருமுறை ஓ.பி. வரிசையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு ஆய்வு மாணவர் வந்தார். நல்ல பையன், அம்மாவைப் பெஞ்சில் சாய்ந்து உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேள்வியை ஆரம்பித்தார். "அம்மா, ஒரு மருந்து வருதுன்னு வெச்சுக்குங்க. உங்க மூட்டுவலி பூரா சரியாயிடும். அதுக்கு மாசம் ஆயிரம் ரூபா தருவீங்களா?"

அம்மா என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவரிடம், "இப்பவே கட்டோணுங்களா தம்பி?" என்றார்.

இல்லைங்கம்மா, சும்மா ஒரு பேச்சுக்கு என்றார் அவர். ஆயிரம் முடியாது என்றார் அம்மா. ஐநூறு? அதுவும் முடியாது. இருநூறு? தரலாமுங்க. அப்போ முந்நூறு? அம்மா கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினார். அந்தியூர்ச் சந்தையில் மாட்டுக்குப் பேரம் பேசுவது போல ஏறி இறங்கி முந்நூறில் நின்றது. தாளில் 300 என்று எழுதிக்கொண்டார். அடுத்து, "இன்னைக்கு வலி எப்படிங்கம்மா இருக்கு?" அம்மா சொன்ன பதில், "பழகிப் போச்சுங்க." அவர் 'லேசான வலி' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

அந்த மாணவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் கையில் கொடுத்த தாளில் இருந்ததைத்தான் அவர் கேட்டார். அந்தத் தாளைத் தயாரிக்கிற, அதிலிருந்து வரும் எண்ணை வாங்கிக் கணக்கில் சேர்க்கிற உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த 300 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கென்று, அவர் பெயரில், யாரையும் கேட்காமல் செலவழிக்க மாதாமாதம் வரும் பணம் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் மட்டும்தான். மாணவர் முதலில் கேட்ட ஆயிரம் என்பது அது முழுவதும். அம்மா தர ஒப்புக்கொண்டது அதில் 30 சதவீதம். அதே வரிசையில் அன்றைக்கு ஒரு ஜவுளி வியாபாரியும் உட்கார்ந்திருக்கலாம், அவர் யோசிக்காமல் மாதம் 5,000 என்று சொல்லியிருக்கலாம், அது அவர் ஒருநாள் சில்லறைச் செலவாகவும் இருக்கலாம். உங்கள் அட்டவணையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது யார் சிகிச்சையை அதிகம் மதிக்கிறார் என்று வரும்? வியாபாரிதான் என்று வரும். அது உண்மை இல்லை.

இது புதிதாக நான் கண்டுபிடித்த விஷயமும் இல்லை, உங்கள் துறைக்கு நாற்பது வருஷமாகத் தெரிந்ததுதான். 1986-இல் அமெரிக்காவில் எம்.எஸ். தாம்சன் என்ற ஆய்வாளர் 247 முடக்கு வாத நோயாளிகளிடம், நோயை முழுதாகக் குணமாக்கும் ஒரு மருந்து இருந்தால் அதற்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார். அவர் விடையைக் குடும்ப வருமானத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தார். சராசரியாக 22 சதவீதம் என்று வந்தது. அதோடு நிறுத்தாமல், அந்த மருந்தால் செத்துப்போகும் ஆபத்து எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்வீர்கள் என்றும் கேட்டார். சராசரி 27 சதவீதம். நூறு பேர் சாப்பிட்டால் 27 பேர் பிழைக்காமல் போகலாம் என்று சொன்னாலும் பரவாயில்லை, கொடுங்கள் என்று சொல்லும் அளவுக்கு அந்த வலி இருந்திருக்கிறது. உயிரைக் கொல்லாத நோய் என்று பட்டியலில் கீழே தள்ளப்படும் ஒரு நோய்க்கு, அதோடு வாழ்கிறவர்கள் கொடுத்த பதில் இது. உங்கள் அறைகளில் பேசும்போது இந்த எண்ணை ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

ஆபத்தை வைத்துக் கேட்கும் அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. பணம் ஒருவரிடம் அதிகம், ஒருவரிடம் குறைவு. உயிர் எல்லோருக்கும் ஒன்றுதான். அம்மாவிடம் ரூபாயை வைத்துக் கேட்காமல் வேறு எதை வைத்துக் கேட்டிருந்தாலும் பதில் வேறாக வந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

ரூபாயை வைத்துக் கேட்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அது நம் வீடுகளுக்கே உரியது. அம்மா ஏன் முதலில் என் முகத்தைப் பார்த்தார்? வைத்தியச் செலவு என்றால் அது பிள்ளைகளின் பணம் என்பதால். வயதான பெண்ணிடம் போய் "உங்க நோய்க்கு எவ்வளவு செலவு பண்ணலாம்" என்று பிள்ளைகள் முன்னால் கேட்டால், எவ்வளவு குறைவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு குறைவாகத்தான் சொல்வார், "எனக்கென்ன, இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்பார். பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்ற எண்ணம் அது. உங்கள் தாளில் அது 'சிகிச்சைக்குக் குறைந்த மதிப்பு' என்று பதிவாகிவிடுகிறது. எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதாக நான் நினைக்கவில்லை, ஓ.பி. வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் பெண்கள் எல்லோரிடமும் இதே பேச்சைத்தான் கேட்கிறேன்.

சரி, கேட்பதே வேண்டாம், மக்கள் நிஜமாகக் கொடுக்கும் விலையைப் பார்த்தாலே மதிப்பு தெரிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் என்ன நடந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்சவரம்பு போட்டது. பெரும்பாலானவர்களுக்குப் பொருத்தும் கோபால்ட் குரோமியம் மூட்டு அதற்கு முன்பு சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்றது, உச்சவரம்பு 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஒரே நாளில் விலை மூன்றில் ஒரு பங்காக ஆனது. அந்த மூட்டு பொருத்தியபின் படியேறும் ஒரு பெரியவருக்குக் கிடைக்கும் சுகமும் அன்றைக்கு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதா? அதற்கு முந்தைய வாரம் வரை நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் கட்டியவர்கள் கட்டியது வேறு வழியில்லாமல். சந்தை விலை ஒருநாளும் நோயாளி தரும் மதிப்பைக் காட்டாது என்பதற்கு நம் நாட்டிலேயே இருக்கும் சாட்சி இது.

இப்போது நீங்கள் அதிகம் நம்பும் இன்னொரு அளவுக்கு வருகிறேன். ஆயுளை மட்டும் எண்ணாமல், அது எந்த நலத்தோடு கழிந்தது என்பதையும் சேர்த்து எண்ணும் முறை, குவாலி என்று நீங்கள் சுருக்கமாகச் சொல்வது. முழு நலத்தோடு ஒரு வருடம் என்றால் 1, இறப்பு என்றால் 0. அந்த எண்ணைப் போட நடமாட்டம், தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, அன்றாட வேலை, வலி, மனக்கவலை என்று ஐந்து கேள்விகள். எந்தப் பதிலுக்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்லும் இந்திய மதிப்பெண்களைச் சண்டிகர் பிஜிஐ மருத்துவ நிறுவன ஆய்வாளர்கள் 5 மாநிலங்களில் 3,548 பேரிடம் கேட்டுத் தயாரித்து 2022-இல் வெளியிட்டார்கள். முன்பு வெளிநாட்டு மதிப்பெண்களைக் கடன் வாங்க வேண்டியிருந்தது, அந்த வகையில் அது பெரிய வேலை, மனதாரப் பாராட்டுகிறேன். அதில் மிக மோசமான நிலைக்கு வந்த மதிப்பு மைனஸ் 0.923. அதாவது இப்படி வாழ்வதைவிடச் செத்துப்போவதே மேல் என்று நம் மக்கள் நினைக்கும் நிலைகள் இருக்கின்றன. ஐந்து கேள்விகளில் மதிப்பை அதிகமாகக் கீழே இழுத்தது எது தெரியுமா என்று உங்களைக் கேட்க வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும், வலிதான். நோயாளிகளிடம் கேட்டு வந்த முடிவு இல்லை இது, பொதுமக்களிடம் கேட்டது. வலி என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று இந்த நாட்டு மக்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் வலியே முதல் அடையாளமாக இருக்கும் ஒரு நோயின் சிகிச்சைகள் உங்கள் மேசைக்கு முன்னுரிமையோடு வர வேண்டாமா?

ஆனால் அந்த மதிப்பெண்ணைச் சரியாகப் பயன்படுத்த, நோயாளி எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பது சரியாகப் பதிவாக வேண்டும். அங்கேதான் இடிக்கிறது. கேள்வித்தாள் "இன்று" எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறது. முடக்கு வாதத்தில் "இன்று" என்பது எந்த மணி? காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்துப் போயிருக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் கொஞ்சம் தளர. அந்த நேரத்தில் அம்மாவால் பால் பாக்கெட்டின் முனையைக் கிள்ள முடியாது, பல்லில் கடித்துத்தான் பிரிப்பார். தண்ணீர்க் குழாயை உள்ளங்கையால் தள்ளித்தான் திறப்பார். தலைமுடியைப் பின்ன நான் வர வேண்டும். பதினோரு மணிக்கு ஓ.பி.யில் பார்த்தால் அதே கை ஓரளவு மடங்கும், அதுவும் எதனால் என்றால், பஸ்ஸில் வர வேண்டுமே என்று விடியற்காலையிலேயே ஒரு வலி மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொண்டு கிளம்பியதால். ஆஸ்பத்திரிக்கு வரும் நாள்தான் அவர் வலி குறைவாகத் தெரியும் நாள். நீங்கள் அளப்பது அந்த நாளை. அதோடு அந்த "பழகிப் போச்சு". வலி இருக்கிறது, நான் அதோடு கிடக்கக் கற்றுக்கொண்டேன் என்று ஒருவர் சொல்வதை லேசான வலி என்று குறித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்விகளை நம் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்ற முடியாது என்பதும் இல்லை. முடக்கு வாத நோயாளிகளின் இயலாமையை அளக்க அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 1980-இல் செய்த ஒரு கேள்வித்தாள் உலகம் முழுக்கப் புழங்குகிறது, அதில் குளியல் தொட்டி உண்டு, கார் உண்டு. நம் நாட்டு மருத்துவர்கள் 2002-இல் அதை இந்தியாவுக்கு ஏற்ப மாற்றியபோது, சம்மணம் போட்டு உட்கார முடிகிறதா, கழிப்பறையில் குத்தவைக்க முடிகிறதா என்று சேர்த்தார்கள். அவ்வளவு எளிய மாற்றம், எவ்வளவு பெரிய வித்தியாசம்! குத்தவைக்க முடியாததால் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போவதையே நிறுத்திய பெண்களை எனக்குத் தெரியும். அது நடமாட்டமா, அன்றாட வேலையா, மனக்கவலையா, ஐந்தில் எந்தக் கட்டத்தில் வரும் சொல்லுங்கள்.

அப்புறம் வேலை இழப்பு என்ற கணக்கு. நோயால் ஒருவர் வேலைக்குப் போகாத நாட்களைக் கூலியால் பெருக்குவீர்கள். அம்மா எந்தக் கூலிப் பதிவேட்டிலும் இல்லை, எனவே பூஜ்யம். தார் சுற்றியபோதும் வீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கைக்குக் காசு வாங்கியவர்தான், அதற்கும் பதிவு கிடையாது. முடக்கு வாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வரும் நோய். பெண்களின் உழைப்புக்குப் பூஜ்யம் போடும் ஒரு முறையால் இந்த நோயின் இழப்பை எப்படி அளக்க முடியும்? வழி இல்லாமல் இல்லை. 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று சொல்கிறது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கு இழப்பீடு போடும்போது அவர் உழைப்புக்கு ஒரு வருமானத்தைக் கற்பித்துத்தான் கணக்கிட வேண்டும், அவர் உழைப்பை நாம் மதிக்கிறோம் என்பதற்கு அது அடையாளம் என்று சொன்னது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது அரசு சொன்ன காரணமும் இதேதான். நீதிமன்றம் ஒப்புக்கொண்டதை, அரசு ஒப்புக்கொண்டதை, உங்கள் கணக்கு மட்டும் ஏன் ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டும்?

கூட வருகிறவர்களும் உங்கள் தாளில் இல்லை. மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம், மறுக்கவில்லை. அதை வாங்க அம்மாவைத் தனியாக அனுப்ப முடியாது, பஸ் படி ஏறக் கை கொடுக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஒருநாள் கூலி போகும், மாலைக்குள் திரும்ப முடியாவிட்டால் வீட்டில் சமையல் நிற்கும். மாத்திரையின் விலையை மட்டும் செலவாக எழுதினால் யாருடைய கணக்கு அது?

இதெல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மெத்தோட்ரெக்ஸேட் எல்லோருக்கும் போதுமானதாக இருப்பதில்லை. அது கேட்காதவர்களுக்கு அடலிமுமாப் போன்ற பயாலஜிக்ஸ் ஊசிகள், அதாவது உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் மருந்துகள், இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அடலிமுமாபைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அதன் முதல் நகல் மருந்தை உலகிலேயே முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 2014-இல் ஒரு இந்திய நிறுவனம். ஆனாலும் ஒரு ஊசியின் விலை இன்னும் அம்மா மாதிரி ஒருவர் வீட்டுக்கு எட்டாத விலைதான். அரசு கொடுக்கலாமா என்ற கேள்வி வரும்போது நீங்கள் வழக்கமாக வைக்கும் எல்லை, ஒரு குவாலிக்கு ஆகும் செலவு நாட்டின் தனிநபர் ஜிடிபியைத் தாண்டக் கூடாது என்பது, அதாவது இன்றைய கணக்கில் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். அந்த எல்லை கூடவா குறைவா என்று நான் சண்டைக்கு வரவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் விழுமா அந்தப் பக்கம் விழுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த ஐந்து கட்டங்களில் எங்கே டிக் விழுந்தது என்பதுதான். "பழகிப் போச்சு"க்கு லேசான வலி என்று டிக் விழுந்தால் நிஜமாகவே வேலை செய்யும் ஒரு மருந்துகூடத் தேவையில்லாத செலவாகத் தெரியும்.

அதனால் கேட்கிறேன். எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டே ஆக வேண்டுமென்றால், ரூபாயை மட்டும் வெளியிடாதீர்கள், அவர் கையில் புழங்கும் பணத்தில் எத்தனை பங்கு என்று சேர்த்து வெளியிடுங்கள், குடும்ப வருமானத்தை மட்டும் பார்த்தால் அம்மாவின் அந்த ஆயிரம் உங்கள் கண்ணில் படாது. கூட வந்தவரைக் கொஞ்ச நேரம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு நோயாளியிடம் தனியாகக் கேளுங்கள். காலை விறைப்பு எவ்வளவு நேரம், கடந்த வாரத்தில் எத்தனை இரவு தூக்கம் கெட்டது, இன்று கிளம்பும் முன் கூடுதலாக மாத்திரை போட்டீர்களா என்ற மூன்று கேள்விகளை "இன்று எப்படி" என்பதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் போன் போட்டுக் காலை ஏழு மணிக்குக் கேளுங்கள், எடுப்பார்கள், அந்த நேரத்தில் எங்கள் வீடுகளில் எல்லோரும் எழுந்துதான் இருக்கிறோம். வீட்டு வேலைக்கும் கூட வருகிறவர் நேரத்துக்கும் ஒரு மதிப்புப் போடுங்கள், குறைந்தபட்சம் நூறு நாள் வேலைத் திட்டத்தின் தமிழ்நாட்டுக் கூலியையாவது. 2025-26-இல் அது நாளுக்கு 336 ரூபாயாக இருந்தது.

தமிழ்நாட்டு அரசிடமும் ஒரு வார்த்தை. மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கியதிலிருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, இயன்முறை சிகிச்சையும் வருகிறது. வாசலுக்கு வரும் அந்தப் பணியாளரே முடக்கு வாத நோயாளியின் காலை நிலையைக் கேட்டுக் குறித்துக்கொள்ள முடியும், அதைவிட நல்ல தரவு டெல்லிக்கு வேறெங்கிருந்தும் கிடைக்காது.

அடுத்தமுறை மூட்டு நோய்ச் சிகிச்சை ஒன்றை மதிப்பிட எடுத்துக்கொள்ளும்போது, கேள்வித்தாளின் தமிழ் வடிவத்தை முதலில் எங்களுக்குக் காட்டுங்கள். எங்கள் ஊரில் எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் வரும், எந்தப் பதிலுக்கு என்ன பொருள் என்று நோயாளிகளும் வீட்டாரும் உட்கார்ந்து சொல்லத் தயாராக இருக்கிறோம். ஓ.பி. நாள் அல்லாத ஒரு நாளாகப் பார்த்துச் சொல்லி அனுப்புங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
முடக்கு வாத நோயாளி ஒருவரின் மகள்
பவானி, ஈரோடு மாவட்டம்